அமெரிக்கக்காரிக்கு வைத்த பொட்டு

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய் ஒரு வருசமான பிறகும் வாய் அப்படித்தான் வருகிறது. ஆண்டுத் திவசம் முடிந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். பத்திரிகையில் நினைவஞ்சலி போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி உங்கள் தமக்கை, எங்கள் பெரிய மச்சாள், ஓயாமல் போன் எடுக்கிறா. "ஆறாத்துயரில் மனைவி, மகள் எண்டு போட்டால் காணும் பிள்ளை" என்கிறா. எனக்கு அது காணாது. எனக்கு உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது, அதை நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும்.

இதை எங்கேயிருந்து எழுதுகிறேன் தெரியுமோ? உங்கள் ஷெட்டுக்குள் இருந்து. தேம்ஸ் கரையில் படகு திருத்தும் அந்த யார்ட்டில், நீங்கள் பன்னிரண்டு வருசம் மூச்சை அடக்கிக்கொண்டு வார்னிஷ் பூசிய அதே ஷெட். கதவைப் பூட்டி, கீழ் இடுக்கில் ஈரச் சாக்குத் திணித்திருக்கிறது. தூசி கிளம்பாமல் நிலமெல்லாம் தண்ணீர் தெளித்திருக்கிறது. பூச்சு காயும்வரை நாலு மணித்தியாலம் ஒருவரும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது. உங்கள் முதலாளி, நீங்கள் 'தாடி' என்று சொல்லும் அந்த மனிதர், அந்த மூலையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்தியிருந்து பேப்பர் வாசிக்கிறார். என்னைப் பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சேலையில் பஞ்சு பறக்கும் என்று அதைக் கழற்றவைத்து, தலை முதல் கால்வரை காகிதச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பின்னலும் உள்ளேதான்.

எனக்கு முன்னால் அவள் கிடக்கிறாள். உங்கள் அமெரிக்கக்காரி.

வாசிப்பவர்கள் தவறாக நினைக்கக் கூடாது. அவள் ஒரு ஸ்பீட் போட். இருபது அடி நீளம், முழுக்க மகோகனி மரம், மூக்கில் குரோம் பட்டி, சிவப்புத் தோல் இருக்கை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஏரிக்கரை ஊரில் செய்த பழைய பெரிய கம்பனிப் படகு. கம்பனியின் பெயர் உங்கள் நாக்கில் ஒருநாளும் சரியாகப் புரளவில்லை, ஆனபடியால் வீட்டில் அவள் அமெரிக்கக்காரிதான். "மார்ச் மாசம் அமெரிக்கக்காரி வாறாள், நான் லீவு எடுக்கேலாது" என்பீர்கள். "ஓமோம், போய் அவளுக்கு எண்ணெய் தேய்ச்சு முழுக வார்த்துவிடுங்கோ" என்பேன் நான். கம்பளி நூல் பறக்கும் என்று, நான் பின்னித் தந்த ஸ்வெட்டரைக்கூட அவளுக்காகத்தானே போடாமல் விட்டீர்கள்? மார்ச்சுக் குளிரில் வெறும் சேர்ட்டோடு போன மனிதன் நீங்கள்.

சக்களத்திச் சண்டை என்று நான் பகிடிதான் விட்டேன். உங்களை அவள் உண்மையாகவே கட்டிவைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ஊரில் நீங்கள் நில அளவைக் கந்தோரில் படம் கீறினவர். ஒரு மை பொட்டுச் சிந்தாத கை. அந்தக் கையை நம்பித்தான் விசா முடிவு தெரியாத ஆளைத் தாடி வேலைக்கு எடுத்தார். நீந்தத் தெரியாத, படகில் காலே வைக்காத கொக்குவில் மனிதனுக்குப் படகு யார்ட்டில் வேலை! நான் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தேன். ஊருக்குத் திரும்பினால் ஷெல், வெளியே றோட்டில் இறங்கினால் சுற்றிவளைப்பு. எட்டு மாதம் அந்த அறையின் ஜன்னலால் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நிரந்தர வேலை என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால் என்னைக் கூப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்கக்காரி நல்லபடி முடிந்தால் கடிதம் தருவதாகத் தாடி சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் சும்மா இருந்தேனா? பிள்ளையார் கோயில் குங்குமத்தைப் பேப்பர் துண்டில் மடித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினேன். 'வேலை முடியிற நேரம் அவளுக்கு ஒரு பொட்டு வையுங்கோ, எல்லாம் சரிவரும்' என்று எழுதினேன். புது வான் வாங்கினால் வைப்பதில்லையா, புதுக் கிணற்றுக்கு வைப்பதில்லையா? எனக்குத் தெரிந்தது அதுதான்.

நீங்களும் வைத்தீர்கள்.

இதை எனக்குப் பதினொரு வருசம் சொல்லாமல், போன வருசம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் சொன்னீர்கள். மூக்கில் குழாய். நேர்ஸ் வந்து போனபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மார்ச்சில அமெரிக்கக்காரி வருவாள். வேற ஆரும் அவளைத் தொட்டால் கண்டுபிடிச்சிடுவினம்" என்றீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கடைசிப் பூச்சுக்கு முதல் பூச்சு பூசி முடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது. முன் மூக்கில் கொடிக்கம்புக்குப் பக்கத்தில் பொட்டை வைத்து, கும்பிட்டு, ஒரு நிமிசத்தில் துடைத்துவிட நினைத்தீர்கள். ஆனால் மேலே ஆடை மட்டும்தான் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். குங்குமம் இறங்கிவிட்டது. துடைத்தால் அந்த இடமே கெட்டுப்போகும். சொன்னால் கடிதம் போய்விடும். படகுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். நீங்கள் கதவைப் பூட்டினீர்கள், அதற்கு மேலாலேயே கடைசிப் பூச்சைப் பூசினீர்கள்.

சிவத்த மரத்தில் சிவப்புப் பொட்டு. பார்த்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கடிதம் வந்தது, நான் வந்தேன், மகள் பிறந்தாள். ஆனால் அந்தப் படகு ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு பூச்சுப் புதிதாய்ப் பூசுவதற்கு யார்ட்டுக்குத் திரும்பி வரும். சாண்ட்பேப்பரோடு குனிகிற எந்த வார்னிஷ்காரனின் கண்ணுக்கும் அது தப்பாது. அதனால் அவளை நீங்களேதான் செய்யவேண்டும். வேறு வேலைக்குப் போக ஏலாது. மார்ச்சில் காய்ச்சல்கூட வரக் கூடாது.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். கவுன்சிலில் படம் கீறுகிற வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களே, நினைவிருக்கிறதா? உங்கள் சொந்தத் தொழில், பென்சன் உள்ள வேலை. கிங்ஸ்பரியில் அந்தக் குளிர் அறையில் மூன்று பேர் ஒரு கட்டிலில் கிடந்த காலம். நேர்முகம் மார்ச்சில். நீங்கள் போகவில்லை. நான் கத்தினேன். "மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கத்தான் உங்களுக்கு விதி" என்று சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன். ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். நீங்கள் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு யார்ட்டுக்குப் போனீர்கள். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேனா?

ஆஸ்பத்திரியில் இதையும்தான் கேட்டேன். "அடுத்த வருசமே சுரண்டிப்போட்டு ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்: "முதல் வருசம் பயத்தில விட்டது. பிறகு நீர் வந்திட்டீர். நீர் அனுப்பின குங்குமத்தை என்ர கையால அழிக்கிறதே? கட்டினவன் செய்யிற வேலையே அது?"

பத்து மார்ச், வெளியில் சொல்லவும் பயம், அழிக்கவும் பயம். நடுவில் நின்றே உங்களுக்கு உயிர் தேய்ந்தது. நீங்கள் அழிக்காமல் பார்த்துக்கொண்ட பொட்டு அவளில் அப்படியே இருந்தது. என் நெற்றிப் பொட்டைத்தான் செத்தவீட்டு மண்டபத்தில் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மச்சாள்மார் துடைத்தார்கள். எனக்கு வந்த கோபம் உங்களில், அவளில், பிள்ளையாரில், என்னில். எவருக்கென்று பிரித்துச் சொல்ல ஏலாது.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த கிழமை தாடி போன் எடுத்து, உங்கள் சாமான்களை வந்து எடுக்கச் சொன்னார். இரண்டு ரயில், ஒரு பஸ் ஏறி முதல்தடவையாக இந்த யார்ட்டுக்கு வந்தேன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அமெரிக்கக்காரி வந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய சொந்தக்காரர், நீங்கள் 'தொப்பி ஐயா' என்பீர்களே, அவர். என் கையைப் பிடித்து, உங்களைப்போல வேலைக்காரனை இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். பிறகு, துக்கத்தில் என்ன பேசுவதென்று தெரியாத மனிதர் தனக்குத் தெரிந்ததைப் பேசினார். படகின் கதையை.

ஏரிக்கரையில் ஒருவன் காட்டு வாத்துச் சுடப் போவதற்குத் தனக்கென்று ஒரு படகு செய்தானாம். நல்லாய் இருக்கிறதென்று அயலவன் கேட்டானாம். அப்படித் தொடங்கிய குடும்பக் கம்பனி. சாராயம் தடைசெய்த காலத்தில் கடத்துகிறவர்களும் அந்தப் படகுதான் வாங்கினார்கள், துரத்துகிற பொலிசும் அந்தப் படகுதான் வாங்கியது. எனக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. எங்கள் கரையிலும் கடத்துகிறவனும் துரத்துகிற நேவியும் ஒரே மாதிரிப் படகில்தானே ஓடினார்கள்? பிறகு தவணைக் காசுக்குச் சாதாரணக் குடும்பங்களுக்கும் விற்றார்களாம். பிறகு பிளாஸ்டிக் வந்து மரத்தைத் தின்றுவிட்டது. ஒரு காலம் இவற்றை விறகுக்கு வெட்டினார்கள். இப்போது பார்த்தால் பழைய மரப்படகென்றால் அடிபடுகிறார்களாம். புதுப் படகையே பழைய படகு மாதிரிச் செய்கிறார்களாம். "பிளாஸ்டிக் படகைக் கழுவினால் போதும். இவளுக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு மனிதனின் கை வேண்டும். அதற்காகத்தான் ஆசைப்படுகிறார்கள்" என்றார்.

அந்த மனிதன் ஆர் என்று எனக்குத் தெரியும்.

"இதைப் பாருங்கள்," என்று முன் மூக்கைக் காட்டினார். கொடிக்கம்புக்குப் பக்கத்தில், கண்ணாடி மாதிரி வார்னிஷுக்கு அடியில், என் குங்குமம். "இது கம்பனி மேற்பார்வையாளர் வைத்த முத்திரை. குறையில்லை என்று பார்த்து ஒவ்வொன்றாய் விரலால் வைத்திருக்கிறார். எங்கள் பழைய படகுக்காரர் சங்கத்துச் சஞ்சிகையில் நான் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து இரண்டு பேர் தங்கள் படகிலும் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார்கள், கள்ளர்கள்!"

அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! நீங்கள் ஒளித்து ஒளித்துச் செத்த பொருளை அவர் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். பேசாமல் போயிருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்துதானே இவ்வளவும்?

"சேர்," என்றேன், "தட் இஸ் மை ஹஸ்பண்ட்ஸ் மிஸ்ரேக். ஃபிரம் மை ரெம்பிள்." மிச்சத்தை மகள் இங்கிலீசில் விளங்கப்படுத்தினாள். பத்து வயதுப் பிள்ளை, இடையில் அழுதுவிட்டாள்.

தொப்பி ஐயா தொப்பியைக் கழற்றினார். குனிந்து அந்தப் பொட்டைக் கிட்டப் பார்த்தார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டார். தாடியும், "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே" என்கிறமாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

நான் தாடியைப் பார்த்து நேராகக் கேட்டேன், மகள் இங்கிலீசில் மாற்றிச் சொன்னாள். "அண்டைக்கே சொல்லியிருந்தால், அந்தக் கடிதம் தந்திருப்பியளோ?"

மனிதன் பொய் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றார். அதனால்தான் இன்றைக்கு அவரோடு ஒரே ஷெட்டுக்குள் இருக்க என்னால் முடிகிறது. முதல் வருசம் நீங்கள் பயந்தது சரி என்று அன்றைக்கு விளங்கியது. மற்ற ஒன்பது வருசத்துக்கும் என்ன செய்வேன்? அதைத் திருப்பித் தர ஆரும் இல்லை.

உங்கள் சாமான் பெட்டியை வீட்டில் வந்து திறந்தேன். தூரிகைகள் கழுவிச் சீவி வரிசையாக இருந்தன. அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் நான் அனுப்பிய அதே பேப்பர் மடிப்பு, மடித்த மடிப்புக் குலையாமல். உள்ளே இன்னும் கொஞ்சம் குங்குமம். அன்றைக்குத்தான் உங்களுக்காக வாய்விட்டு அழுதேன். மண்டபத்தில் அழுததெல்லாம் ஆக்களுக்காக.

போன மாரியில் படகை வெறும் மரம் வரைக்கும் உரிக்கவேண்டி வந்தது. இத்தனை வருசத்துப் பூச்சு, இனித் தாங்காதாம். பொட்டும் போய்விடும். தொப்பி ஐயா வீட்டுக்குப் போன் எடுத்து, "நீங்கள் வந்து திரும்ப வைப்பீர்களா?" என்று கேட்டார். சஞ்சிகையில் திருத்தமும் எழுதிவிட்டாராம், உங்கள் பெயரோடு. அந்த இரண்டு கள்ளருக்கும் இப்போது முகத்தில் ஈ ஆடவில்லையாம்.

நான் ஏலாது என்றேன். தாலி இல்லாதவள் எப்படிப் பொட்டு வைப்பது? அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் அது விளங்கவில்லை. பெரிய மச்சாளுக்குச் சொல்லாமலே விளங்கியது. "உனக்கென்ன விசரே பிள்ளை? உன்ர கையால வைச்சால் அந்தப் படகு தாழும். வேற ஒரு சுமங்கலியைக் கூட்டிக்கொண்டு போ" என்றா. ஒரு வருசமாக அப்படித்தான். கலியாண வீட்டில் பின் வரிசை, பூப்புனித நீராட்டில் தட்டுத் தூக்கக் கூடாது, புதுவீடு குடிபூரலுக்குக் கார்ட் மட்டும் வரும், ஆள் வந்து கூப்பிடுவதில்லை. ஒருவரும் கதவைப் பூட்டவில்லை, ஆனாலும் எனக்கு வெளியே போக வழியில்லை. கொழும்பு லொட்ஜில் இருந்த மாதிரியே கிங்ஸ்பரியிலும் ஜன்னலால் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள்தான் சொன்னாள். "அம்மா, அது உங்கட குங்குமம். அப்பா கெப்ட் இட் ஃபோர் யூ. வேற அன்ரி ஏன் வைக்கோணும்? தட்ஸ் ஸ்ரூப்பிட்." எட்டு நாள் யோசித்தேன். பிறகு அந்தப் பேப்பர் மடிப்பை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

இன்று காலை வந்தேன். இந்தத் தடவை தாடி நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்து, உள்ளேயும் காய்ந்துவிட்டதென்று தலையாட்டின பிறகுதான் தொட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால், அதே இடத்தில். உங்கள் கையாக இருந்தால் வட்டம் திறமாக வந்திருக்கும், என்னுடையது கொஞ்சம் கோணல். பொட்டுக் காய்ந்ததும் தாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் அதற்கு மேலால் பூசினார். ஒளிப்பதற்கு இல்லை, காப்பதற்கு.

படகு தாழவில்லை. கூரையும் விழவில்லை. தாடி இப்போது பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை.

நாலு மணிக்குக் கதவு திறக்கும், இன்னும் பத்து நிமிசம் இருக்கிறது. பேப்பர் மடிப்பு என் மடியில் இருக்கிறது. அதில் இன்னும் ஒரு பொட்டுக்குக் காணும். விரலைத் துடைக்க மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படித்தானே இருந்தது? கோபித்துக்கொண்டு இவ்வளவு எழுதின எனக்கு இந்த ஒன்று மட்டும் இன்றைக்குத்தான் விளங்கியது.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். பத்திரிகைக்கு இதை ஒரு வரி வெட்டாமல் கொடுப்பேன். பெரிய மச்சாளும் வாசிப்பா, வாசிக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தொப்பி ஐயா கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு வருசமும் அவர் கூப்பிட, நீந்தத் தெரியாதென்று சொல்லி நீங்கள் ஏறாமல் விட்ட அந்தச் சிவப்பு இருக்கையில் நானும் மகளும் ஏறி இருப்போம். எனக்கும் நீந்தத் தெரியாதுதான்.

அதற்கு முதல், இந்தக் கதவு திறக்கிறபோது நான் நெற்றியில் பொட்டோடு வெளியே போவேன். நீங்கள் அழிக்காமல் வைத்திருந்ததை நான் ஏன் அழிக்கவேண்டும்? பஸ்ஸிலும், இரண்டு ரயிலிலும், கிங்ஸ்பரி றோட்டிலும், ஆர் பார்த்தாலும் பார்க்கட்டும்.

அமெரிக்கக்காரிக்கு மூத்தவள்,
உங்கட மனுசி